தோல் கவசத்தை அவித்தேன், சுருங்கிவிட்டது, இன்னொன்றில் வாரும் பிய்ந்து வந்துவிட்டது. எதையாவது காப்பாற்றலாமா?

அரைவேக்காடு | டொராண்டோ

வணக்கம். இந்தப் பெயரை இன்றைக்குத்தான் மாற்றிக்கொண்டேன். ஏன் என்று வாசிக்க வாசிக்க விளங்கும்.

போன இலையுதிர் காலத்தில் இங்கே எஸ்.சி.ஏ. பயிற்சிக்குப் போகத் தொடங்கினேன். தெரியாதவர்களுக்கு: சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம், 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கியது. மத்தியகால ஐரோப்பிய உடுப்பும் கவசமும் போட்டுக்கொண்டு பிரம்பு வாளால் உண்மையாகவே அடித்துக்கொள்வோம். 32 மி.மீ. பிரம்பு. விலாவில் ஒன்று விழுந்தால் இரண்டு கிழமைக்குச் சிரிக்க முடியாது.

இவ்வளவு நாளும் இரவல் கவசம். சொந்தமாகச் செய்வோம் என்று ஒரு பக்கத் தோல் வாங்கினேன். 'குய்ர் பூயி' என்ற பிரெஞ்சுப் பெயருக்கு அவித்த தோல் என்று பொருளாம். சரி, அவிப்போம் என்று அம்மாவின் பிரியாணி அண்டாவில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, மார்புத் துண்டையும் இரண்டு முழங்கைக் குப்பிகளையும் (மூட்டை மூடுகிற கிண்ணம் மாதிரியான துண்டுகள்) ஐந்து நிமிடம் போட்டு எடுத்தேன். மார்புத் துண்டு 46 செ.மீ. உயரம் இருந்தது, இப்போது 31. கருவாடு மாதிரிச் சுருண்டு கிடக்கிறது. முழங்கைக் குப்பி அக்காவின் ஆறு வயது மகனுக்கு அளவாக இருக்கிறது.

இன்னொன்று. இதற்கு முன்பே அவிக்காத தோலில் ஒரு முன்கைக் கவசம் செய்திருந்தேன். இரண்டாவது பயிற்சியிலேயே வாரில் இருந்த ரிவெட் தோலையும் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. ஓட்டை இப்போது விளிம்புவரை கிழிந்த வாய்.

என்ன செய்யலாம்?

குத்தூசி | மெல்பர்ன்

தம்பி, முதலில் ஆறுதல்: இங்கே தோல் வேலை செய்பவர்களில் பாதிப்பேர் ஒரு முறையாவது இதைச் செய்தவர்கள்தான். நான் செய்தது தொடைக் கவசம். இன்னும் பூந்தொட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பெயரை நம்பினால் இதுதான் கதி. தோலைக் கொதிக்க வைக்கவே கூடாது. சொல்வதற்கு முன் நான்கு விவரம் வேண்டும். தோல் எத்தனை மி.மீ.? வெட்டிய விளிம்பின் நடுவில் என்ன நிறம்? மாட்டின் எந்தப் பகுதி? அவித்த துண்டில் வெடிப்பு இருக்கிறதா?

அரைவேக்காடு | டொராண்டோ

4 மி.மீ. கொஞ்சம் கூட. விளிம்பில் முழுக்கப் பழுப்பு நிறம். எந்தப் பகுதி என்று தெரியாது அக்கா. ஒரு பக்கம் விறைப்பாகவும் மற்றப் பக்கம் தொளதொளவென்றும் இருந்தது. குப்பி ஒன்றில் நடுவில் வெடிப்பு. மார்புத் துண்டின் ஓரங்களில் மெல்லிய கீறல்கள்.

ராணிப்பேட்டை_தோல்ஷாப் | ராணிப்பேட்டை

இந்தப் பக்கம் கவசம் எல்லாம் யாரும் போடுவதில்லை, ஆனால் தோல் பற்றிப் பேச்சு வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. இருபது வருஷம் தொட்டியில் கை வைத்தவன்.

விளிம்பு முழுக்கப் பழுப்பு என்றால் பட்டைச் சாறு ஏற்றிப் பதனிட்ட தோல். நல்லது. நடுவில் நீலச் சாம்பலாக இருந்தால் குரோம். சாயம் போட்டிருந்தால் கண்ணால் சொல்ல முடியாது. அப்போது ஒரு ஓரத்தை நறுக்கிக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். பட்டைத் தோல் நிமிடத்தில் சுருண்டு குறுகும், குரோம் தோல் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். கொளுத்திப் பார்த்தால் குரோம் சாம்பலில் பச்சை தட்டும். குரோம் தோலை எப்படி வேக வைத்தாலும் கவசத்துக்கான விறைப்பு வராது, பையும் ஷூவும்தான் தைக்கலாம்.

அவித்தால் ஏன் சுருங்குகிறது? தோலில் இருப்பது நார். அந்த நார் முறுக்கிய கயிறு மாதிரி. பட்டைத் தோலில் எழுபது, எண்பது டிகிரி தாண்டினால் முறுக்கு அவிழ்ந்து நார் குறுகிவிடும். கொஞ்சம் பசையாகவும் ஆகும். ஆட்டுக்கால் சூப் ஆறினதும் உறைகிறதே, அதே சங்கதி. அந்தப் பசை காய்ந்து நாரைப் பிடித்துக்கொள்வதால்தான் தோல் விறைக்கிறது. அளவோடு நின்றால் கவசம். ஐந்து நிமிடம் கொதித்தால் நார் கெட்டுப் பசை கூடிவிடும், காய்ந்ததும் அப்பளம். ஒரு முறை குறுகிய நார் திரும்ப நீளாது. ஊறப்போட்டு இழுத்துப் பார்க்காதீர்கள், கிழியும்.

தொளதொள பக்கம் வயிறு, விறைத்த பக்கம் முதுகு. கவசத்துக்கு முதுகிலிருந்துதான் வெட்ட வேண்டும்.

எஃகுத்தலை | பெர்லின்

நான் புஹுர்ட் ஆடுபவன். முனை மழுங்கிய எஃகு வாள், எஃகுக் கோடரி. தோல் கவசம் என்று யாராவது வந்தால் எங்கள் களத்தில் பக்கத்திலேயே விடமாட்டார்கள். கோபிக்க வேண்டாம், ஆனால் தோலில் கவசம் என்பதே சினிமாக்காரர்கள் வளர்த்துவிட்ட கதை இல்லையா? காலில் போடுகிற சாமானை மார்பில் போட்டுக்கொண்டு...

குத்தூசி | மெல்பர்ன்

எஃகு அடிக்கு எஃகுதான் வேண்டும், அதில் சண்டையே இல்லை. பிரம்பு ஆட்டத்திலும் தலைக்கவசம் தோலில் கூடாது, 1.6 மி.மீ. எஃகாவது வேண்டும் என்பது விதி. அதில் யாரும் விளையாட வேண்டாம்.

ஆனால் சினிமாக் கதை என்பது தப்பு. 1278இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் வின்சர் பூங்காவில் ஒரு வேடிக்கைப் போட்டி வைத்தார். அதற்குச் சாமான் வாங்கிய கணக்குச் சுருள் இன்றும் இருக்கிறது. 38 பேருக்குத் தோலில் உடற்கவசம், தோலிலேயே தலைக்கவசம். வாள் எதில் தெரியுமா? திமிங்கில எலும்பு என்று சொல்கிறோமே அந்தத் தட்டிலும் எழுதுவதற்கான காகிதத்தோலிலும் செய்து, வெள்ளி பூசியது. அதாவது ஆளைக் கொல்லாத வாளுக்குத் தோல் கவசம். நாம் பிரம்பை வைத்துக்கொண்டு செய்கிற அதே காரியம், ஏறத்தாழ எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால். (தலைக்கவசத்தில் மட்டும் அவர்களைப் பின்பற்ற வேண்டாம்.)

போர்க்களத்திலும் கை கால்களுக்குத் தோல் இருந்தது. பிரிட்டிஷ் மியூசியத்தில் 14ஆம் நூற்றாண்டு மேல்கைக் கவசம் ஒன்று இருக்கிறது, விறைக்க வைத்த தோல், இலை கொடி வேலைப்பாட்டோடு.

ராணிப்பேட்டை_தோல்ஷாப் | ராணிப்பேட்டை

இடையில் ஒரு வார்த்தை. சங்கப் பாட்டில் கேடயத்துக்கே 'தோல்' என்று ஒரு பெயர் உண்டு. சரி, நீங்கள் தொடருங்கள்.

குத்தூசி | மெல்பர்ன்

அரைவேக்காட்டுத் தம்பிக்கு. மிச்சத் தோல் இருக்கிறதல்லவா? இந்த முறை அண்டாவைத் தொடுவதற்கு முன் ஒரு வெப்பமானி வாங்குங்கள். சமையலுக்கு விற்பதே போதும்.

ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு மாதிரி வேகும், அதனால் வேறு யாருடைய நிமிடக் கணக்கையும் நம்பாதீர்கள், என்னுடையதையும் சேர்த்து. அதே தோலில் 10 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலத்தில் ஐந்து பட்டை வெட்டுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் சதைப் பக்கத்தில் 0, 20, 40, 60, 90 என்று எழுதுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டால் குமிழி குமிழியாக வரும். குமிழி நின்றால் நன்றாக ஊறிவிட்டது. தண்ணீரை 80 டிகிரிக்குக் கொண்டுவந்து அடுப்பைத் தணியுங்கள். எழுதிய விநாடிப்படி ஒவ்வொரு பட்டையையும் முக்கி எடுத்து, மறுநாள்வரை நிழலில் காயவிடுங்கள். பிறகு அளந்து பார்த்து, கையால் வளைத்துப் பார்த்து, பிரம்பால் ஒன்று போடுங்கள்.

0 வளையும். 90 அநேகமாக முறியும். இடையில் ஏதோ ஒன்று, கட்டைவிரலால் அழுத்தினால் வளைய மறுக்கும், அடித்தால் 'டொக்' என்று சத்தம் கொடுக்கும், முறியாது. அதுதான் உங்கள் தோலின் நேரம். எவ்வளவு சுருங்கியதோ அந்த அளவு துண்டைப் பெரிதாக வெட்டுங்கள். எனக்குப் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு.

தண்ணீரிலிருந்து எடுத்ததும் தோல் ரப்பர் மாதிரி இருக்கும். வடிவம் கொடுக்க சில நிமிடம்தான். முழங்கைக் குப்பிக்குச் சரியான உருண்டையைத் தேடி நான் கடை கடையாக அலைந்து, கடைசியில் ஒரு பழைய மர அகப்பையின் முதுகில் இழுத்துக் கட்டினேன். இரண்டு நாள் கட்டை அவிழ்க்காதீர்கள்.

முழங்கை, முழங்கால் குப்பிக்கும் சிறுநீரகப் பகுதிக்கும் முதலிடம் கொடுங்கள். மார்புக் கவசம் அழகு. அதை அடுத்த வருஷம் செய்யலாம். எஸ்.சி.ஏ. விதியில் கனத்தோல் என்றால் 4.4 மி.மீ., உங்களுடையதை அளவுகோலால் அல்ல, காலிப்பரால் அளந்து பாருங்கள்.

பிரம்படி | பினாங்கு

இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. தோலை ஓவன் அடுப்பில் இளஞ்சூடாக்கி, உருக்கிய தேன்மெழுகில் போட்டு எடுத்தால் முடிந்தது. சுருங்காது, அளவு மாறாது, மழைக்கும் கவலையில்லை. இங்கே சாயங்காலம் தவறாமல் மழை. தண்ணீரில் விறைக்க வைத்த கவசம் நனைந்தால் என்ன ஆகும், சொல்லுங்கள் அக்கா?

குத்தூசி | மெல்பர்ன்

நனைந்து ஊறினால் இளகும், உண்மை. ஆனால் மெழுகு 62, 64 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே தளர ஆரம்பிக்கும். வெயிலில் நிறுத்திய கார் டிக்கிக்குள் மெழுகுக் கவசத்தை விட்டுப் பாருங்கள். நான் விட்டிருக்கிறேன். திரும்பி வந்தபோது முழங்கால் குப்பி தோசையாகப் படுத்திருந்தது. பென்சில்வேனியாவில் எஸ்.சி.ஏ.காரர்கள் கூடுகிற பென்சிக் போர் நடப்பது கோடையின் உச்சத்தில்தான். தம்பி என்றைக்காவது அங்கே போவார்.

இன்னொரு குறை: மெழுகு ஏறிய தோலில் பசை ஒட்டாது, சாயம் பிடிக்காது. உடைந்தால் தைப்பது ஒன்றுதான் வழி.

பிரம்படி | பினாங்கு

நியாயம். நானும் இப்போது முழுக்க முக்குவதில்லை. முதலில் தண்ணீரில் விறைக்க வைத்து, காய்ந்தபின் மேலே மட்டும் சூடாகத் தேய்த்துத் துணியால் துடைக்கிறேன். மழைத்துளி உருண்டு போகும். பசை போடவேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிடுவேன். மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும்.

அரைவேக்காடு | டொராண்டோ

பட்டைச் சோதனை செய்தேன்! என் தோலுக்கு 40 விநாடி. 60இல் விறைப்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான்காவது அடியில் குறுக்கே கீறல். 90 இரண்டாவது அடியில் இரண்டு துண்டு, சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தார்.

பழைய மார்புத் துண்டை எறிய மனம் வரவில்லை. 31 செ.மீ. என்றாலும் தடிப்பு 6 மி.மீ. ஆகியிருக்கிறது. அதைச் சின்னப் பட்டைகளாக நறுக்கிக் கோத்தால்?

குத்தூசி | மெல்பர்ன்

முயன்று பார்க்கலாம், ஆனால் ஒவ்வொரு பட்டையையும் அடித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஓரங்கள் தேறாது. பெரிய துண்டு முறிந்தால் கவசமே போச்சு. கோத்த பட்டைகளில் ஒன்று முறிந்தால் அந்த ஒன்றை மாற்றினால் போதும். வெட்டும்போது கத்தியைவிட இரம்பம் தேவைப்படும், அவ்வளவு கல்லாகியிருக்கும்.

எஃகுத்தலை | பெர்லின்

கேலி செய்ததற்குப் பிராயச்சித்தமாக ஒரு யோசனை. 1361இல் கோட்லாந்துத் தீவின் விஸ்பி நகர வாசலில் நடந்த சண்டையில் இறந்தவர்களைக் கவசத்தோடேயே குழியில் போட்டு மூடினார்கள். 20ஆம் நூற்றாண்டில் தோண்டி எடுத்ததில் இருபதுக்கும் மேற்பட்ட தகட்டுச் சட்டைகள் கிடைத்தன: வெளியே துணியோ தோலோ, உள்ளே இரும்புத் தகடுகள் ரிவெட் அடித்து. தேறாத பட்டைக்குப் பதில் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடு வையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது.

அப்புறம் கீறல் விழுந்த குப்பி: கீறல் எங்கே முடிகிறதோ அந்த நுனியில் 2 மி.மீ. துளை போடுங்கள். நாங்கள் தகட்டில் செய்வது. கீறல் துளைக்குள் போய் நின்றுவிடும், மேலே ஓடாது.

குத்தூசி | மெல்பர்ன்

தோலிலும் அது நடக்கும். பிறகு பின்பக்கம் ஒரு ஒட்டுத்துண்டு வைத்துக் கீறலுக்குக் குறுக்கே தைக்கலாம். ஆனால் ஐந்து நிமிடம் வெந்த குப்பியில் அந்த உழைப்பு வீண். அதை விட்டுவிடுங்கள்.

முன்கைக் கவசத்துக்கு வருகிறேன், தலைப்பைப் பார்த்தால் இதுதான் முக்கியமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக மற்றவர்களுடைய கவசத்தைச் சரிசெய்து கொடுக்கிறேன். அடி வாங்கிய இடத்தில் உடைந்து வந்தவை கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஓட்டை போட்ட இடத்தில் கிழிந்தவை. எல்லோரும் விறைப்பைப் பற்றியே பேசுகிறோம். ஓட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நீங்கள் அனுப்பிய படத்தில் உங்கள் ரிவெட் விளிம்பிலிருந்து அரை செ.மீ. தூரத்தில் இருக்கிறது. பின்பக்கம் வாஷர் இல்லை. ஓட்டையை ஆணியால் குத்தியிருக்கிறீர்கள், அதன் மூலைகளிலிருந்தே கிழிசல் தொடங்கியிருக்கிறது. அதே இடத்தில் இன்னொரு ரிவெட் அடித்தால் அடுத்த வாரம் திரும்ப இங்கேதான் வருவீர்கள்.

கிழிசலின் இரண்டு உதட்டையும் ஈரமாக்கி, எலும்புத் துண்டாலோ கரண்டிக் காம்பாலோ தேய்த்து ஒன்றாகச் சேருங்கள். காயட்டும். 5 செ.மீ. அகலத்தில் 2 மி.மீ. தோல் வட்டம் ஒன்று வெட்டி, ஓரங்களைக் கத்தியால் சீவி மெலிதாக்குங்கள், இல்லாவிட்டால் கையை அறுக்கும். பின்பக்கம் பசை தடவி ஒட்டுங்கள். பிறகு தையல்.

தையல் இரட்டை ஊசித் தையலாக இருக்க வேண்டும். ஒரே நூல், இரண்டு நுனியிலும் ஊசி. குத்தூசியால் ஒரு துளை, இடது ஊசி உள்ளே, வலது ஊசி அதே துளையில் எதிரே. இரண்டையும் இழுத்துப் பிடித்து அடுத்த துளை. மெஷின் தையலில் மேல் நூல் அறுந்தால் வரிசையே பிரிந்துகொண்டு போகும்; இதில் ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். சணல் நூல், மெழுகு தடவியது. விறைத்த தோலில் குத்தூசி இறங்காது, துளைகளை முதலில் டிரில்லால் போடுங்கள். இரண்டாவது ஊசியை விடும்போது முதல் நூலைக் குத்திவிடாதீர்கள், நூல் அங்கே முடிச்சாகி நின்றுவிடும். முதல் நூலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு விட்டால் சரியாகும்.

புதிய ரிவெட்டைக் குறைந்தது 1.5 செ.மீ. உள்ளே தள்ளி, வட்டமான பஞ்சால் ஓட்டை போட்டு, செம்பு ரிவெட்டும் வாஷரும் வைத்து அடியுங்கள். வார் மட்டும் கவசத்தைவிட மெலிதாக இருக்கட்டும். பலமான வார் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. ஏதோ ஒன்று அறுந்துதான் தீரும். வார் அறுந்தால் பத்து நிமிட வேலை.

ராணிப்பேட்டை_தோல்ஷாப் | ராணிப்பேட்டை

செம்பு என்று சொன்னது சரி. இரும்பு ரிவெட் போட்டால் பட்டைச் சாற்றோடு சேர்ந்து சுற்றிலும் கறுப்பாகும், பழைய காலத்து மை காய்ச்சிய வழி அதுதான். கறுப்பே வேண்டுமென்றால் வினிகரில் இரும்புக் கம்பி நாரை ஒரு வாரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைப் பூசினால் போதும், சாயம் வாங்க வேண்டாம். செம்பில் பச்சை பூக்கும், துடைத்தால் போகும்.

எண்ணெய் போடுங்கள் என்று கடைக்காரர் சொல்வார். வாருக்கு மட்டும் போடுங்கள். விறைத்த பாகத்தில் எண்ணெய் ஏறினால் நீங்கள் பட்டபாடு எல்லாம் போச்சு.

இங்கிருந்து ஆவாரம்பட்டைத் தோல் வாங்கலாமா என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்று உலகமெல்லாம் போன சரக்கு, புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் மெலிது, கவசத்துக்கு ஆகாது. உள்பக்க லைனிங்குக்கு அருமையாக இருக்கும். எருமைத் தோலில் தடிமன் உண்டு, நார் நெருக்கம் பசுத்தோல் அளவுக்கு இருக்காது.

பிரம்படி | பினாங்கு

ஆட்டம் முடிந்ததும் வியர்வையோடு பையில் போட்டு மூடாதீர்கள். எனக்கு ஒரே வாரத்தில் பூஞ்சை. தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்து நிழலில் காற்றாட விட்டேன், போய்விட்டது. வாடை போக மாசம் ஆனது.

அரைவேக்காடு | டொராண்டோ

மூன்று கிழமைக்குப் பிறகு வருகிறேன்.

குப்பிகள் இரண்டும் 40 விநாடியில் செய்தேன், அகப்பை கிடைக்கவில்லை, கிரிக்கெட் பந்தை விடப் பெரியதாக ஏதும் வீட்டில் இல்லாமல் தேங்காயில் இழுத்துக் கட்டினேன். உள்ளே பஞ்சு வைத்தால் கச்சிதம். காலிப்பரில் 4.6.

பழைய மார்புத் துண்டிலிருந்து 22 பட்டை நறுக்கினேன். அடிச்சோதனையில் 13 தப்பியது. மிச்சத்துக்கு எஃகுத்தலை அண்ணை சொன்ன தகடு. எல்லாம் சேர்த்து சிறுநீரகப் பட்டி ஆகிவிட்டது, கொஞ்சம் கோணல்.

சனிக்கிழமை மார்ஷல், அதாவது பாதுகாப்பு விதியைப் பார்க்கிறவர், வந்து பரிசோதித்தார். ஒவ்வொரு வாரையும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். முன்கைக் கவசத்தின் ஒட்டுத்துண்டைத் திருப்பிப் பார்த்துத் தையலை விரலால் தடவினார், ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஐந்தாவது சுற்றில் வார் அறுந்தது. வார் மட்டும். சப்பாத்து லேசைக் கட்டிக்கொண்டு ஆறாவது சுற்றும் ஆடினேன், இரண்டிலும் தோல்வி.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அம்மாவின் அண்டா இன்னும் நாறுகிறது. வினிகர், எலுமிச்சை, பேக்கிங் சோடா எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டேன்.

குத்தூசி | மெல்பர்ன்

புதிது வாங்கிக் கொடுங்கள் தம்பி. பழையதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முழங்கால் குப்பி இன்னும் செய்யவில்லையே.